முதலில் இறால், பிறகு நண்டு, கடைசியில் மீன்

கேள்வி: ஐயா, வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியில் இருக்கிறேன். 2 அடி உப்புத்தண்ணீர்த் தொட்டி ஒன்று ஐந்து மாதமாக ஓடுகிறது. கற்கள் போகத் தண்ணீர் 60 லீற்றர் வரும். இரண்டு கோமாளி மீன், ஒரு நீல டாம்சல், நாலு நத்தை, மூன்று சங்கு நண்டு, கொஞ்சம் மென்பவளம் இருந்தன. எயார் பம்ப்பின் சத்தத்தில் தூங்க முடியவில்லை என்று அதை பெல்கனியில் வைத்து ரியூப்பை உள்ளே இழுத்திருக்கிறேன்.

போன மாதம் பத்து நாள் யாழ்ப்பாணத்தில் நின்றேன். தண்ணீர் குறையக் குறைய, நான் கலந்து வைத்திருந்த உப்புத் தண்ணீரில் தினம் ஒரு லீற்றர் அம்மா ஊற்றினார். திரும்பி வந்ததும் இரண்டு கிளீனர் இறால் வாங்கி விட்டேன். ஒன்று மறுநாளே செத்தது. அப்புறம் பாதித் தண்ணீர் மாற்றினேன், மற்றது நன்றாகத்தான் இருந்தது. இரண்டு வாரம் கழித்து ஒரே இரவில் அந்த இறாலும் மூன்று நண்டும் போய்விட்டன. மீனுக்கும் நத்தைக்கும் ஒன்றுமில்லை. அன்று மாலை ஒழுங்கையில் டெங்குவுக்குப் புகை அடித்தார்கள், ஆனால் ஜன்னலெல்லாம் சாத்தித்தான் இருந்தது. நாலாம் நாள் விடியற்காலையில் ஒரு கோமாளி மீன் செத்துக் கிடந்தது. மற்றது மேலே வந்து வாயை வாயைத் திறந்தது. வெள்ளைப்புள்ளி நோயாக இருக்கும் என்று கடையில் ஒரு நீல மருந்து தந்தார்கள். அதை விட்டதிலிருந்து நத்தைகளும் கண்ணாடியை விட்டு விழுந்து கிடக்கின்றன. வேறு என்ன மருந்து விடலாம்? ஹிக்கடுவையிலிருந்து உயிருள்ள முருகைக்கல் கொண்டுவந்து தருகிறேன் என்கிறான் நண்பன். போட்டால் தண்ணீர் திருந்துமா?

பதில்: தம்பி, புது மருந்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் விட்ட மருந்தை வெளியே எடுக்க வேண்டும். போத்தலின் லேபிளைப் பாருங்கள். செப்பு அல்லது கொப்பர் சல்பேற்று என்று போட்டிருந்தால் நத்தைகள் விழுந்ததற்கு வேறு காரணம் தேட வேண்டாம். வெள்ளைப்புள்ளிக்குச் செப்பு நல்ல மருந்துதான், ஆனால் மீன் மட்டும் இருக்கும் தொட்டிக்கு. நத்தை, இறால், பவளம் எதற்கும் அது ஆகாது. இன்றே நத்தைகளை எடுத்துப் புதிதாகக் கலந்த உப்புத் தண்ணீர் உள்ள ஒரு வாளியில் விடுங்கள். தொட்டியில் 20 லீற்றரை மாற்றுங்கள். புதுத் தண்ணீரின் உப்பும் சூடும் பழையதோடு ஒத்திருக்க வேண்டும். வடிகட்டிக்குள் புதிய அக்டிவேற்றட் கார்பன் (மருந்தை உறிஞ்சும் கரி) ஒரு பை போடுங்கள். நாளை மறுநாள் இன்னொரு 15 லீற்றர். மிச்சத்தை அதற்குப் பிறகு வாசித்தாலும் போதும்.

சரி. உங்கள் கடிதத்தை ஒரு நோயின் கதையாகக் கடைக்காரர் வாசித்திருக்கிறார். எனக்கு அது மூன்று வெவ்வேறு சாவாகத் தெரிகிறது. எது செத்தது, எது பிழைத்தது, எந்த நேரத்தில் என்று நீங்களே வரிசையாக எழுதியிருக்கிறீர்கள். கேட்கிறவர்களில் பாதிப் பேர் "எல்லாம் செத்துப்போச்சு" என்பதோடு நிறுத்திவிடுவார்கள்.

முதல் இறால் உப்பால் போனது. தொட்டியிலிருந்து ஆவியாகிப் போவது வெறும் தண்ணீர், உப்பு உள்ளேயே நிற்கும். அதனால் குறைகிற அளவுக்கு உப்பில்லாத நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். அம்மா ஊற்றிய ஒவ்வொரு லீற்றரிலும் 35 கிராம் உப்பு இருந்திருக்கும். பத்து நாளில் 350 கிராம். 60 லீற்றருக்கு அதைப் பிரித்தால் லீற்றருக்குக் கிட்டத்தட்ட 6 கிராம். ஆக, 35இல் இருந்த தண்ணீர் 41க்கு ஏறிவிட்டது. நாளுக்குக் கொஞ்சமாக ஏறியதால் மீன்கள் தாங்கிக்கொண்டன. இறாலோ கடைத் தண்ணீரிலிருந்து நேரே வந்தது. பல கடைகளில் ஒட்டுண்ணியை அடக்கவும் உப்புச் செலவைக் குறைக்கவும் தண்ணீரை 35க்கும் கீழேதான் வைத்திருப்பார்கள். அங்கிருந்து ஒரே மணி நேரத்தில் 41க்கு வந்தால் இறாலின் உடம்பு தாங்காது. அம்மாவைக் குறை சொல்லாதீர்கள், வாளியை நிரப்பி வைத்தது நீங்கள்.

இதற்கு மருந்து ஒரு துண்டு டேப். தண்ணீர் சரியான மட்டத்தில் இருக்கும்போது கண்ணாடியில் ஒட்டுங்கள். வீட்டில் யாராக இருந்தாலும் அந்தக் கோடு வரை ஆர்.ஓ. தண்ணீர் (உப்பு நீக்கி வடிகட்டிய தண்ணீர்) ஊற்றினால் சரி. உப்பைப் பார்க்க முள் ஆடுகிற பிளாஸ்ரிக் ஹைட்ரோமீற்றரை நம்ப வேண்டாம். முள்ளில் ஒரு காற்றுக்குமிழி ஒட்டினாலே பொய் சொல்லும். ரிஃப்ராக்டோமீற்றர் (ஒளி வளைவதை வைத்து உப்பை அளக்கும் கருவி) வாங்குங்கள், அதையும் 35 என்று குறித்த சோதனைத் திரவத்தால் இடைக்கிடை சரிபாருங்கள்.

இரண்டாவது சாவுதான் என்னை அதிக நேரம் யோசிக்க வைத்தது. ஒரே இரவில் இறாலும் நண்டும் போகின்றன, மீனும் நத்தையும் தப்புகின்றன. செப்பு என்றால் நத்தையும் போயிருக்கும். அழுகலிலும் கழிவிலும் இருந்து வரும் அமோனியா என்றால் மீன் மூச்சு வாங்கியிருக்கும். இறாலையும் நண்டையும் மட்டும் பொறுக்கி எடுக்கிற நஞ்சு எது? பூச்சிகொல்லி. இறாலும் நண்டும் நுளம்பும் உறவுக்காரர், எல்லாம் மூட்டுக்கால் கொண்ட ஒரே பெரிய குடும்பம். நுளம்பைக் கொல்லும் பைரித்ரொயிட் வகை மருந்து நத்தைக்குப் பெரிதாக ஒன்றும் செய்யாது. மீனுக்கும் அது நஞ்சுதான், ஆனால் இறாலைக் கொல்ல அதைவிட மிகச் சின்ன அளவே போதும். நீங்கள் ஜன்னலைச் சாத்தினீர்கள், ஆனால் எயார் பம்ப் பெல்கனியில் இருந்தது. வெளியே இருந்த புகையை உறிஞ்சி, குமிழி குமிழியாகத் தண்ணீருக்குள் இரவெல்லாம் அனுப்பியிருக்கிறது. என் கணக்கு இதுதான்.

கொழும்பில் மழைக்காலம் வந்தால் புகையும் வரும், அதைத் தடுக்க முடியாது, தடுக்கவும் கூடாது. பம்ப்பை உள்ளே கொண்டுவாருங்கள். தடித்த ஸ்பொஞ்சின் மேல் வைத்தால் சத்தம் பாதி அடங்கும். புகை அடிக்கிற நேரம் அதை நிறுத்திவிட்டு, தண்ணீருக்குள் இருக்கும் மோட்டாரின் வாயை மேல்மட்டத்தைப் பார்க்கத் திருப்பி, தொட்டியின் மேல் ஈரத்துணி ஒன்றை மூடுங்கள். வீட்டுக்குள் நுளம்புச்சுருள் கொளுத்துவது, சுவரில் சொருகும் திரவ மருந்து, கரப்பானுக்கு ஸ்ப்ரே எல்லாமே இதே கதைதான். தொட்டி உள்ள அறையில் நுளம்பு வலைதான் நல்லது.

மூன்றாவது, கோமாளி மீன். செத்த நண்டு மூன்றையும் வெளியே எடுத்தீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒன்றுமில்லை. சங்குக்குள் செத்த நண்டு கல்லிடுக்கில் கிடந்து அழுகினால் 60 லீற்றரில் அமோனியா ஏற நாலு நாள் தாராளம். கடல்நீரின் பி.எச். (அமில, காரத் தன்மையின் அளவு) 8.2 அளவில் நிற்பதால், பி.எச். 7 உள்ள நன்னீர்த் தொட்டியை விட அமோனியாவின் நஞ்சுப் பங்கு இங்கே பத்து மடங்குக்கும் மேல். அத்தோடு சூடும் சேர்கிறது. வெப்பமானி பற்றியும் நீங்கள் ஒரு வார்த்தை எழுதவில்லை. வெள்ளவத்தை வீட்டில் லைற்றும் மோட்டாரும் ஓடினால் தண்ணீர் 30, 31 பாகைக்குப் போவது சாதாரணம். சூடு ஏற ஏறத் தண்ணீரில் ஒட்சிசன் குறையும். கடல்நீரில் அது முதலிலேயே நன்னீரை விட ஐந்திலொரு பங்கு குறைவு. இரவு முழுக்க எல்லா உயிரும் மூச்சு விட்டு, விடியற்காலையில்தான் ஒட்சிசன் அடிமட்டத்துக்கு வரும். உங்கள் மீன் செத்ததும் அந்த நேரத்தில்தான். உடம்பில் உப்புத்தூள் தூவியதுபோல் புள்ளி ஒன்றாவது கண்டிருந்தால் எழுதியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

ஆகவே கற்களைத் தூக்கிப் பாருங்கள். ஒரு சின்னக் குறிப்பு: இறால் சட்டை கழற்றினால் அச்சு அசல் செத்த இறால் போலவே கிடக்கும். சட்டை என்றால் உள்ளே வெறுமையாக, கண்ணாடிபோல இருக்கும். பிணம் என்றால் சமைத்த இறால்போல் வெளிறிச் சிவந்திருக்கும். சட்டையைப் பிணம் என்று நினைத்துச் சோகமாக வந்த ஒருவரை எனக்குத் தெரியும், இறால் கல்லுக்குப் பின்னால் சௌக்கியமாக இருந்தது.

அமோனியா சோதனைப் பெட்டி ஒன்று கட்டாயம் வேண்டும், முடிவு பூச்சியத்தில் நிற்க வேண்டும். சூட்டுக்கு, தண்ணீரின் மேல் வீசும்படி ஒரு சின்ன ஃபேன் போதும், இரண்டு மூன்று பாகை இறங்கும். 26, 27 என்றால் நல்லது, 28 என்றால் சமாளிக்கலாம். நண்பகலில் எரிகிற லைற்றை மாலைக்கு மாற்றுங்கள். ஃபேன் போட்டால் ஆவியாவது கூடும் என்பதை மறக்காதீர்கள், அந்த டேப் கோடுதான் காப்பாற்றும். பற்றரியில் ஓடும் எயார் பம்ப் ஒன்றும் வாங்கி வையுங்கள். 2022இல் நாளுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை கரண்ட் போனபோது, ஒரு குவளையால் தண்ணீரை அள்ளி அள்ளி உயரத்திலிருந்து ஊற்றியே என் தொட்டியை ஓட்டினேன். தூங்கிப்போன ஓர் இரவில் பாதியை இழந்தேன்.

மிச்சமிருக்கும் கோமாளிக்கு உண்மையிலேயே புள்ளி வந்தால் தனிப் பிளாஸ்ரிக் தொட்டியில் வைத்து அங்கே செப்பு மருந்து கொடுங்கள். டாம்சலையும் கூடவே மாற்றி, பெரிய தொட்டியை எட்டிலிருந்து பத்து வாரம் மீனில்லாமல் விட வேண்டும். புள்ளி இல்லாவிட்டால் இந்த வேலை எதுவும் தேவையில்லை.

முருகைக்கல் வேண்டாம். ஹிக்கடுவை 1979இலேயே பாதுகாக்கப்பட்ட கடற்பகுதி, 2002இலிருந்து தேசியப் பூங்கா. அங்கிருந்து ஒரு துண்டு எடுப்பதும் குற்றம். 1998இல் கடல் சூடேறியபோது வெளுத்து மடிந்த இடம் அது, மிச்சமிருப்பது அங்கேயே இருக்கட்டும். சட்டத்தை விட்டாலும், செப்பு கலந்த தொட்டியில் உயிருள்ள கல்லைப் போட்டால் அதில் இருக்கும் புழுவும் கடற்பஞ்சும் செத்து அமோனியாதான் கூடும். வீட்டுக்கு முன்னாலேயே கடல் இருக்கிறதே, அள்ளி வரலாமே என்றும் தோன்றும். கால்வாய் வந்து விழுகிற கரை அது, அள்ள வேண்டாம்.

அடுத்த இறால் எப்போது? உங்கள் கற்கள் கொஞ்சம் செப்பைக் குடித்திருக்கும், அதை மெல்லத்தான் கக்கும். செப்புச் சோதனை இரண்டு வாரம் தொடர்ந்து பூச்சியம் காட்டிய பிறகு, வாளியில் பிழைத்த நத்தைகளில் ஒன்றை மட்டும் திருப்பி விடுங்கள். அது கண்ணாடியில் ஏறி ஒரு வாரம் மேய்ந்தால் இறால் வாங்கலாம். கொண்டுவந்ததும் பையோடு கவிழ்க்காதீர்கள். எயார் ரியூப்பில் ஒரு முடிச்சுப் போட்டு, தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக வாளிக்குள் விட்டு, இரண்டு மணி நேரம் பழக்குங்கள். பிறகு இறாலை மட்டும் அள்ளித் தொட்டியில் விட்டு, கடைத் தண்ணீரைச் சிங்கில் ஊற்றுங்கள்.