கணக்குச் சேர் பதில்கள்: இரட்டித்துக் கட்டினால் போன காசு வருமா?

கேள்வி: சேர், என் மச்சான் கொழும்புக்குப் போனால் கெசினோவில் பிளாக்ஜாக் என்ற கடதாசி விளையாட்டை ஆடாமல் திரும்பமாட்டார். ஆயிரம் ரூபாயில் தொடங்கி, தோற்கத் தோற்க இரட்டிப்பாராம். "எப்படியும் ஒரு கை வெல்லத்தானே வேணும், போனதெல்லாம் வந்திடும்" என்கிறார். இந்த முறை வெள்ளாமை வெட்டிய காசில் ஒரு இலட்சத்தோடு போக நிற்கிறார். அவர் சொல்வதில் கணக்கு இருக்கிறதா?
– வாசகர் ஒருவர், திருக்கோவில்

பதில்: இருக்கிறது தம்பி, ஆனால் பாதிக் கணக்கு. சமமாக முடியும் கைகளை விட்டால், நூறு கையில் 53, 54 கை தோல்விதான். ஆயிரத்தில் தொடங்கி ஒரு கை வெல்லும்வரை ஆடுவதை ஒரு தொடர் என்போம். அப்படியானால் தொடர்ந்து ஆறு கை தோற்பது சராசரியாக நாற்பது சொச்சம் தொடருக்கு ஒருமுறை வரும். வந்தால்? 1,000, 2,000, 4,000, 8,000, 16,000, 32,000. மொத்தம் 63,000 போயிற்று. ஏழாவது கைக்கு 64,000 வேண்டும், பையில் 37,000தான். வென்ற தொடர்களில் அவர் கண்டதோ தலா ஆயிரம். முதல் இரண்டு கடதாசியும் ஏஸும் பத்துமாக வருவதைத்தான் பிளாக்ஜாக் என்பார்கள். அது விழுந்தால் கிடைக்கும் ஒன்றரை மடங்கு, தோல்வி கூடுதலாக வரும் இடைவெளியைக் கொஞ்சம் நிரப்பும், முழுக்க நிரப்பாது. கையில் கோடி இருந்தாலும், கூடியபட்சம் இவ்வளவுதான் கட்டலாம் என்று மேசையிலேயே ஒரு பலகை வைத்திருப்பார்கள்.

எப்போது கடதாசி கேட்பது, எப்போது நிற்பது என்று சரியாகத் தெரிந்து ஆடினால், நல்ல விதியுள்ள மேசையில் மொத்தமாகக் கட்டிய காசில் சுமார் 0.5 வீதம் நட்டம். கட்டும் தொகையை எப்படி மாற்றினாலும் இந்த வீதம் அசையாது. ஆயிரம் ஆயிரமாக நூறு கை ஆடினால் சராசரி நட்டம் 500 ரூபாய். ஆனால் உயர்தரத்தில் படித்தீர்களே நியம விலகல், அதாவது முடிவு சராசரியிலிருந்து வழக்கமாக எவ்வளவு விலகும் என்பது, அது 11,500. அதனால்தான் வென்று வருகிறவர்களும் இருக்கிறார்கள், அவர்கள் பேச்சும் ஊரெல்லாம் கேட்கிறது. கைக்குப் பத்தாயிரம் கட்டினால் சராசரி நட்டம் 5,000, விலகல் 1,15,000. மச்சான் கொண்டுபோவதே அவ்வளவு இல்லை!

பந்தயத்தைக் கூட்டிக் குறைப்பதற்கு நியாயமான காரணம் ஒன்றுதான் உண்டு. போன கடதாசிகளை எண்ணிக்கொண்டே வந்து, மிச்சக் கடதாசிக் கட்டில் பத்துகளும் ஏஸ்களும் அதிகம் மிஞ்சினால் வாய்ப்பு ஆடுபவர் பக்கம் சாயும் என்று அமெரிக்கக் கணித அறிஞர் எட்வர்ட் தோர்ப் 1962இல் எழுதிக் காட்டினார். அப்போது எவ்வளவு கட்டுவது? அதற்கு ஜோன் கெலி என்ற அமெரிக்க ஆய்வாளர் 1956இலேயே சூத்திரம் தந்துவிட்டார். சாதகம் 1 வீதம் என்றால், ஒரு இலட்சத்துக்கு ஏறத்தாழ 750 ரூபாய் கட்டலாம். சாதகம் இல்லையென்றால் சூத்திரம் தரும் விடை பூச்சியம். கைக்குக் கை கட்டைப் புதிதாகக் கலைக்கும் பிளாக்ஜாக் செயலிகளில் கடதாசி எண்ணிப் பயனே இல்லை.

சொன்னாலும் கேட்கமாட்டார் என்றால், வெள்ளாமைக் காசை வீட்டில் வைத்துவிட்டு, போனால் போகட்டும் என்கிற தொகையோடு போகச் சொல்லுங்கள். மேசைத் துணியில் பிளாக்ஜாக்குக்கு 3க்கு 2 என்றிருந்தால் உட்காரலாம். 6க்கு 5 என்றிருந்தால், ஆயிரத்துக்கு 1,500 வரவேண்டிய இடத்தில் 1,200தான் வரும். நட்ட வீதமும் மூன்று மடங்குக்கு மேல் ஏறிவிடும். அந்த மேசைக்குக் கிட்டவே போகவேண்டாம்.