ஸ்குவாஷ் கசந்தால் துப்பிவிடுங்கள்

கேள்வி: பேட்டிபான் ஸ்குவாஷ் (பூசணி வகை), ஜெருசலேம் ஆர்டிசோக் கிழங்கு, ஓகா கிழங்கு, சிவப்புத் தண்டு சார்ட் கீரை என்று பழக்கமில்லாத காய்களைத் தோட்டத்தில் வளர்த்துச் சமைக்கிறோம். ஆர்டிசோக் சாப்பிட்டால் வயிறு உப்புகிறது. சார்ட் சாப்பிட்ட மறுநாள் சிறுநீர் இளஞ்சிவப்பாகப் போகிறது. நாங்களே எடுத்துவைத்த விதையில் காய்த்த பேட்டிபான் மூன்று நாளைக்கு முன் கசந்தது. நான் இரண்டு வாயோடு நிறுத்திவிட்டேன். வீணாக்கக் கூடாதென்று என் கணவர் முழுவதும் சாப்பிட்டார். அவருக்கு வயது 62, ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுப்பவர். ஒரு மணி நேரத்தில் வாந்தி, பிறகு விடிய விடிய வயிற்றுப்போக்கு. இணையத்தில் பார்த்து, வயிற்றுப்போக்கை நிறுத்தும் லோபராமைடு மாத்திரையும் பாலும் கொடுத்தேன். இன்னும் எழுந்து நின்றால் தலை சுற்றுகிறது என்கிறார். இந்தக் காய்களே நம் உடம்புக்கு ஆகாதா? கொஞ்சம் கொஞ்சமாகக் கல்லீரலைக் கெடுத்துவிடுமா?

பதில்: கல்லீரலை விடுங்கள். உங்கள் கணவரை இன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். மூன்று நாள் கழித்தும் எழுந்தால் தலை சுற்றுகிறது என்றால், இழந்த நீரும் உப்பும் இன்னும் ஈடாகவில்லை என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். உட்கார்ந்தும் நின்றும் ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும். ரத்தத்தில் சோடியம், பொட்டாசியம், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் பார்க்க வேண்டும். உடலில் நீர் வற்றியிருக்கும்போது சில ரத்த அழுத்த மாத்திரைகள் சிறுநீரகத்தைப் பாதிக்கும். அடுத்த வேளை மாத்திரையைப் போடலாமா என்று அவரைப் பார்க்கும் மருத்துவரிடம் கேட்டுவிட்டுப் போடட்டும்.

நடந்தது ஒவ்வாமை அல்ல, நச்சு. அந்தக் கசப்புக்கு குக்குர்பிடாசின் என்று பெயர். பூசணிக் குடும்பத்துக் காட்டுச் செடிகள் தம்மைத் தின்ன வருபவற்றை விரட்ட வைத்திருக்கும் பொருள் அது. தலைமுறை தலைமுறையாகக் கசக்காத செடியின் விதையை மட்டும் பொறுக்கி விதைத்து மனிதர்கள் அதைப் பெரும்பாலும் நீக்கிவிட்டார்கள். ஆனால் பேட்டிபான், சுக்கினி, ஸ்பாகெட்டி ஸ்குவாஷ், அழகுக்காக வளர்க்கும் கசப்பு அலங்காரச் சுரை எல்லாம் குக்குர்பிட்டா பெப்போ என்ற ஒரே இனம். அக்கம்பக்கத்தில் எங்காவது ஓர் அலங்காரச் சுரைக்கொடி இருந்தால் போதும், தேனீ மகரந்தத்தைக் கொண்டுவந்து சேர்த்துவிடும். அந்த ஆண்டுக் காயின் சதை தாய்ச்செடியுடையது, அதனால் ருசி மாறாது. கலப்பு நடந்திருப்பது உள்ளே இருக்கும் விதையில்தான். அந்த விதையை எடுத்துவைத்து அடுத்த பருவத்தில் விதைத்தால் கசப்புக் காய் காய்க்கும். உங்கள் வீட்டில் நடந்தது பெரும்பாலும் இதுதான்.

வேகவைத்தாலும் இந்த நச்சு அழியாது. தோல் சீவுவது, உப்பு நீரில் ஊறவைப்பது எதையும் நம்ப வேண்டாம். ஜெர்மனியில் 2015-ல் 79 வயதுக்காரர் ஒருவர் வீட்டுத் தோட்டத்தில் விளைந்த கசப்புச் சுக்கினியைச் சமைத்துச் சாப்பிட்டு இறந்தார். அவர் மனைவி கொஞ்சம் சாப்பிட்டுப் பிழைத்தார். உங்கள் நாக்கு உங்களை இரண்டே வாயில் நிறுத்தியது. அதை அவரும் கேட்டிருக்க வேண்டும்.

லோபராமைடு கொடுத்தது தவறு. இந்த நச்சு குடலின் உட்சுவரைப் புண்ணாக்கும், ரத்தம் கலந்து போகக்கூடும். அந்த நிலையில் குடலின் அசைவைக் கட்டிப்போடும் மாத்திரை ஆபத்து. பாலால் இந்த நச்சு முறியாது. இதற்கு முறிமருந்தே கிடையாது. மருத்துவமனையில் செய்வது ட்ரிப்ஸ் ஏற்றி, ரத்த அழுத்தம் விழாமல் பார்த்துக்கொள்வதுதான். யாரோ எழுதிப்போட்ட கைவைத்தியத்தைத் தேடிக்கொண்டிருந்த அந்த இரவில் அவருக்கு அது கிடைத்திருக்க வேண்டும். இனி இப்படி நேர்ந்தால், வாந்தியிலோ மலத்திலோ ரத்தம் தெரிந்தாலும், மலம் தார் போலக் கறுத்தாலும், குடிக்கும் நீர் வயிற்றில் தங்காவிட்டாலும், நிற்கும்போது கண் இருண்டாலும் நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

சார்ட் கீரையின் நிறத்தால் சிறுநீர் இளஞ்சிவப்பாவதில் கெடுதல் ஏதும் இல்லை. இரண்டு நாள் அந்தக் கீரையைத் தொடாமலும் சிவந்தால் பரிசோதியுங்கள். அதே சார்ட்டைக் காரணம் காட்டி, கசப்புக் காய் சாப்பிட்டவருடைய மலத்தின் சிவப்பை மட்டும் தள்ளிவிடாதீர்கள். அடுத்த சில வாரங்களில் அவருக்குக் கொத்தாக முடி கொட்டினாலும் மருத்துவரிடம் சொல்லுங்கள். கசப்புப் பூசணி வகைகளைச் சாப்பிட்டு முடி கொட்டிய இரண்டு பெண்களைப் பற்றி 2018-ல் பிரான்சிலிருந்து மருத்துவ இதழில் வெளிவந்திருக்கிறது. இருவருக்கும் முடி மறுபடி வளர்ந்தது.

ஆர்டிசோக்கில் இருப்பது மாவுச்சத்து அல்ல, இன்யூலின் என்ற நார்ச்சத்து. சிறுகுடலால் அதைச் செரிக்க முடியாது. பெருங்குடல் பாக்டீரியா அதைப் புளிக்கவைப்பதால் வாயு சேருகிறது, அவ்வளவுதான். 50 கிராமில் தொடங்கி மெல்லக் கூட்டுங்கள். ஓகாவில் ஆக்சாலிக் அமிலம் உண்டு. சிறுநீரகக் கல் வந்தவர்கள் அளவாகச் சாப்பிடட்டும், மற்றவர்கள் கவலைப்பட வேண்டாம்.

ஸ்குவாஷ், சுக்கினி, வெள்ளரி, சுரைக்காய் எதுவானாலும் சமைக்கும் முன் ஒவ்வொரு காயிலும் சுண்டுவிரல் நகத்தளவு பச்சையாக வெட்டி நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பி வாயைக் கொப்பளித்துவிட்டு, அந்தக் காயை அப்படியே எறியுங்கள். சமைத்த பிறகு பார்த்தால் காரமும் புளிப்பும் கசப்பை மறைத்துவிடும். முதியவர்களுக்கும் சளி பிடித்தவர்களுக்கும் ருசி மங்கியிருக்கும், வேறொருவர் பார்க்கட்டும். பாகற்காயோடு ஒப்பிட வேண்டாம். அதுவும் இதே குடும்பம்தான், ஆனால் அதன் கசப்பு மொமோர்டிகோசைடு என்ற வேறு பொருள்களால் வருவது. கசக்கக் கூடாத காய் கசப்பதுதான் இங்கே அபாயம்.

அந்தப் பேட்டிபான் செடியைப் பிடுங்கிவிடுங்கள், அதில் அடுத்து வரும் காயும் கசக்கும். எடுத்துவைத்திருக்கும் ஸ்குவாஷ் விதைகளையும் கொட்டிவிட்டு, வரும் பருவத்துக்குப் புதிதாக வாங்கி விதையுங்கள். அந்த விதையில் யாருக்காவது பங்கு கொடுத்திருந்தால் இன்றே அவர்களிடம் சொல்லிவிடுங்கள்.