சிவில் கேட்கும் மகள்

கேள்வி: என் மகள் பிளஸ் டூ முடித்துவிட்டாள். கட்-ஆஃப் 184. கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்கும் என்கிறார்கள். அவளோ சிவில் இன்ஜினியரிங்தான் படிப்பேன் என்று பிடிவாதமாக இருக்கிறாள். வெயிலில் நிற்கிற வேலை, சம்பளமும் குறைவு. நாளைக்குக் கல்யாணப் பேச்சு வந்தால் என்ன சொல்வது? அவளுக்குப் புத்தி சொல்லுங்கள்.
- ஒரு தந்தை, வில்லிவாக்கம்

பதில்: சம்பளம், வெயில், கல்யாணம் எல்லாவற்றையும் எழுதியிருக்கிறீர்கள். அவள் ஏன் சிவில் கேட்கிறாள் என்று ஒரு வரிகூட இல்லை. அவளிடம் கேட்டீர்களா?

கிண்டி பொறியியல் கல்லூரியில் 1940-இல் சேர்ந்த ஏ.லலிதாவைச் சொல்கிறேன். சென்னையில் பிறந்தவர். 15 வயதில் திருமணம், 18 வயதில் கணவரை இழந்தார், கையில் நான்கு மாதப் பெண் குழந்தை. மருத்துவம் படிக்கலாமா என்று யோசித்தவர், நேரங்கெட்ட நேரத்தில் ஓட வேண்டிய வேலை தனக்கு ஒத்துவராது என்று விட்டார். குழந்தையோடு இருக்க நேரம் வேண்டும் என்பதுதான் அவருடைய கணக்கு. அந்தக் கல்லூரியிலேயே பேராசிரியராக இருந்த அப்பா, மகளுக்காக முதல்வரிடம் போய்ப் பேசினார். இந்தியாவின் முதல் பெண் எலெக்ட்ரிக்கல் இன்ஜினியர் அப்படித்தான் வந்தார். அவரோடு படித்த பி.கே.திரேசியா எடுத்தது சிவில். பின்னாளில் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளரானார். 'பெண் பிள்ளைக்கு சிவிலா?' என்ற கேள்விக்கு அப்போதே பதில் வந்துவிட்டது.

உங்கள் சம்பளக் கவலை நியாயமானதுதான். ஆரம்ப வருடங்களில் ஐ.டி. கம்பெனியைவிடக் கட்டுமானத் துறையில் பெரும்பாலும் குறைவாகத்தான் தருவார்கள். கல்விக் கடன் வாங்கி, அதை அவள்தான் அடைக்க வேண்டும் என்றால் இப்போதே சொல்லிவிடுங்கள். மாதத் தவணை எவ்வளவு வரும் என்று கணக்குப் போட்டுக் காட்டுங்கள். அவளுக்குப் புரியும். 'குடும்ப நிலைமை' என்று மொட்டையாகச் சொல்லி அவள் வாயை அடைக்காதீர்கள்.

கல்யாணப் பேச்சை நான் கணக்கிலேயே சேர்க்கமாட்டேன். யாரென்றே தெரியாத ஒரு வீட்டார் என்ன நினைப்பார்களோ என்பதற்காக, கண்ணெதிரே நிற்கிற பெண்ணின் வாழ்நாள் வேலையை முடிவு செய்வது அநியாயம்.

அவளும் பதில் சொல்ல வேண்டும். தோழி சேர்கிறாள் என்பதற்காகவா? டி.என்.பி.எஸ்.சி. எழுதி அரசு வேலைக்குப் போகும் எண்ணமா? அல்லது மழைக்கு மழை தண்ணீர் தேங்கும் இந்த ஊரின் வடிகாலைச் சரிசெய்யும் ஆசையா? ஒவ்வொன்றுக்கும் பாதை வேறு. சைட்டில் நிற்பது ஒரு பகுதிதான். டிசைன், மண் பரிசோதனை, குடிநீர் என்று சிவிலில் எத்தனையோ இருக்கின்றன. 118.9 கிலோமீட்டருக்கு மெட்ரோ இரண்டாம் கட்டத்தைக் கையில் எடுத்த ஊர் இது. தெரிந்தவர் மூலம் ஒரு பெண் இன்ஜினியரைப் பிடித்து அரை நாள் பேச வையுங்கள். அவர் சொல்லும் சிரமங்களையும் கேட்டுவிட்டு அவள் முடிவெடுக்கட்டும்.

அப்புறம், கவுன்சலிங். விருப்பப் பட்டியலை மேலிருந்து பார்த்து, தரவரிசைப்படி முதலில் எது காலியாக இருக்கிறதோ அதைத்தான் ஒதுக்குவார்கள். மேலே கம்ப்யூட்டரை வைத்துவிட்டுக் கீழே சிவிலைப் போட்டால் அவள் ஆசைப்பட்டது வராது. அந்த வரிசையை அவளே போடட்டும். கடைசி நாள் இரவில் பாஸ்வேர்டை வாங்கி மாற்றிவிடாதீர்கள். அப்படி மாற்றிய அப்பாக்களின் பிள்ளைகளும் இந்தப் பக்கத்துக்கு எழுதுகிறார்கள்.