ஓநாய் மனிதனாவது வேறு, மனிதன் ஓநாயாவது வேறு

வணக்கம் சகோ. பினாங்கு ஜார்ஜ்டவுனில் நடக்கும் உங்கள் கதையில், ஓநாயாகவே பிறந்து மனித உருவெடுக்கும் நாயகனை எல்லாரும் ‘பௌர்ணமிக்கு ஓநாயாகிறவன்’ என்றே படிக்கிறார்கள் என்றீர்கள். பௌர்ணமியைத் தூக்கிவிடுங்கள், வெள்ளித் தோட்டாவையும் சேர்த்து; அவை மனிதன் ஓநாயாகும் கதைக்குரியவை. பழைய டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற கற்பனைப் பாத்திர விளையாட்டில் இந்த வகைக்கு வுல்ஃப்வேர் என்று தனிப் பெயரே உண்டு. அதற்கு ஆகாதது இரும்பு.

நமக்கு இது புதிதா என்ன? மாணிக்கவாசகருக்காக நரிகள் பரிகளாகி மதுரைக்கு வந்தன. ராத்திரி பழையபடி நரியாகி, லாயத்துக் குதிரைகளைக் கடித்துவிட்டு ஓடின. உங்கள் ஆளுக்கும் மனித உடம்பு இரவல் சட்டைதான்.

அதனால் உருமாறும் காட்சியைச் சுருக்கி, மாமாக் கடைக் (தமிழ் முஸ்லிம் உணவுக்கடை) காட்சியை நீட்டுங்கள். தே தாரேக் (இழுத்து ஆற்றிய பால் தேநீர்) கொண்டுவரும் பையன் பல் தெரியச் சிரிக்கிறான். ஓநாய்க்கு அது மிரட்டல். கண்ணுக்குக் கண் பார்த்தால் சண்டைக்குக் கூப்பிடுவது. அதனால் உங்கள் நாயகன் தலையைத் தாழ்த்தி, பரோட்டா போன்ற ரொட்டி சானாயை முகர்கிறான்.

ஒரு சிக்கல்: மலேசியக் காட்டில் ஓநாய் கிடையாது, செந்நாய்தான். எங்கிருந்து வந்தான் என்று ஒரு வரி வையுங்கள். நானாக இருந்தால் மலாய்க் கதைகளில் வரும் புலிமனிதனான ஹரிமாவ் ஜாடியானைத்தான் எழுதுவேன் (கோலாலம்பூர்க்காரனான எனக்குப் புலிதான் பிடிக்கும்). அந்தப் புலிமனிதனுக்கு மேலுதட்டுப் பள்ளம் இருக்காதாம்.