இரவு குறைவாகச் சாப்பிட்டும் காலையில் சர்க்கரை ஏறுகிறது. குறட்டைக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

உண்டு, தூக்கத்தில் மூச்சுப்பாதை அடைபடும் மூச்சுத்தடை (ஸ்லீப் ஆப்னியா) இருந்தால். கணவர் பருமனானவர், பலமாகக் குறட்டை விடுவார், வெறும் வயிற்றுச் சர்க்கரை இறங்கவே மாட்டேன் என்கிறது, ஒளித்து வைத்துச் சாப்பிடுகிறாரோ என்று சந்தேகம் என எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கடைசி வரிக்காகத்தான் இந்தப் பதில். தயவுசெய்து அதை அவரிடம் கேட்டுவிடாதீர்கள். என்னிடம் கேட்டார்கள், இன்னும் வலிக்கிறது.

சீக்கிரமே சாப்பிட்டு முடிப்பேன், மாத்திரையும் தவறியதில்லை. படுக்கும்போது 140 இருப்பது விடிந்தால் 180ஐத் தாண்டியிருக்கும். டாக்டரும் எடையைப் பார்த்ததோடு சரி, "வாயைக் கட்டுங்க" என்றார். காலையில் தலைவலி, வறண்டு ஒட்டிக்கொள்ளும் நாக்கு, ராத்திரி அடிக்கடி சிறுநீருக்கு எழுவது, எல்லாமே சர்க்கரையின் கணக்கில் போனது. எப்படித் தூங்குகிறேன் என்று ஒருவரும் கேட்கவில்லை.

வேறொரு மருத்துவர்தான் கழுத்துச் சுற்றளவை நாடாவால் அளந்து, தூக்கப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். தலையெல்லாம் ஒட்டிய வயர்கள், மார்பில் பட்டை, விரலில் கிளிப், மூக்கடியில் மெல்லிய குழாய். மணிக்கு 38 முறை மூச்சு நின்றோ குறைந்தோ போயிருந்தது. 5க்குக் கீழ் இருந்தால் இயல்பு, 30 என்றாலே தீவிரம். ரத்தத்தில் ஆக்சிஜன் 76 சதவீதம் வரை இறங்கியிருந்தது.

நாக்கிலும் கழுத்திலும் கொழுப்பு சேர்ந்திருந்தால், தூக்கத்தில் தசை தளரும்போது மூச்சுப்பாதை அடைத்துக்கொள்ளும். ஆக்சிஜன் குறைந்ததும் உடம்பு பதறி அட்ரினலின், கார்ட்டிசால் எல்லாம் சுரக்கும். கல்லீரல் சேமித்து வைத்த குளுக்கோஸை ரத்தத்தில் விடும், இன்சுலினும் சரியாக எடுபடாது. ஒரு வாய் சாப்பிடாமலே சர்க்கரை ஏறுவது இப்படித்தான்.

மூச்சுப்பாதை மூடிக்கொள்ளாதபடி முகமூடி வழியாகக் காற்றை அழுத்தி அனுப்பும் சிபாப் இயந்திரம் கொடுத்தார்கள். பின்னிரவில் எரிச்சலாகிக் கழற்றத் தோன்றும், கழற்ற விடாதீர்கள். கனவு வரும் தூக்கம் விடியும் முன்புதான் அதிகம், பலருக்கு அடைப்பு மோசமாவதும் அப்போதுதான். எனக்குக் காலை அளவு 130 பக்கம் வந்தது. பகல் அசதி போனதால் நடக்கவும் ஆரம்பித்திருந்தேன், முழுப் பெருமையும் இயந்திரத்துக்கு இல்லை. சிபாப் சர்க்கரையைக் குறைக்கும் என்பதற்கு ஆதாரம் எங்கே என்று கேட்கப்போகிறவர்களுக்கு: ஆய்வு முடிவுகள் இருவிதமாகத்தான் இருக்கின்றன, தெரியும். சர்க்கரை மாத்திரையை நிறுத்தச் சொல்லவும் இல்லை. எடை குறைந்தால் இரண்டுக்குமே நல்லது. பருமனோடு இந்த மூச்சுத்தடை நடுத்தரமாகவோ தீவிரமாகவோ உள்ளவர்களுக்கு எடையைக் குறைக்கும் டிர்செபடைட் ஊசியை அமெரிக்காவில் 2024 டிசம்பரில் அனுமதித்தார்கள். அது உங்கள் கணவருக்குப் பொருந்துமா என்பது மருத்துவர் சொல்ல வேண்டியது.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்கிறேன். நான் தூங்கும்போது உறவுக்காரர் ஒருவர் வீடியோ எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டார். அதில் குறட்டை சட்டென்று நிற்கிறது, கொஞ்ச நேரம் சத்தமே இல்லை, அப்புறம் திணறி மூச்சை இழுக்கிறேன். வரிசையாகச் சிரிப்புப் பொம்மை போட்டார்கள். இவளுக்கு மூச்சு நிற்கிறதே என்று அத்தனை பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

நீங்கள் வீடியோ எடுத்தால் மருத்துவரிடம் மட்டும் காட்டுங்கள், சத்தம் நிற்கும் இடங்களைக் குறித்துக்கொண்டு போங்கள். வண்டி ஓட்டும்போது அவருக்குக் கண் சொக்குகிறது என்றால், சர்க்கரையைப் பற்றிப் பேசும் முன் அதைச் சொல்லுங்கள்.