விடைபெறும் அடிமை

அன்புள்ள ஆசிரியருக்கு,

மிலான் நகரில் பணிபுரிகிறேன். மாலையில் கிளம்பும்போது சக ஊழியர்கள் ‘ச்சாவ்’ என்று கையசைப்பார்கள். வந்த புதிதில் ‘சாவு’ என்று காதில் விழுந்து திடுக்கிட்டதுண்டு. அதன் மூலப்பொருள் ‘அடிமை’ என்று நண்பர் ஒருவர் சொன்னார். ரஷ்யர், போலந்துக்காரர் முதலான ஸ்லாவ் இனத்தாருக்கு அப்பெயர் வந்ததே அவர்கள் அடிமைகளாக இருந்ததால்தான் என்று ஒரு காணொளியில் கேட்டேன். இரண்டும் உண்மையா?

கே.

அன்புள்ள கே.,

நண்பர் சொன்னது சரி. காணொளி சொன்னது தலைகீழ்: அடிமை என்ற பொருளிலிருந்து இனப்பெயர் வரவில்லை, இனப்பெயரிலிருந்துதான் அடிமை என்ற பொருள் வந்தது.

அம்மக்கள் தங்களை ‘ஸ்லொவேனெ’ என்று அழைத்துக்கொண்டார்கள். ‘ஸ்லோவோ’ என்றால் அவர்கள் மொழியில் சொல். ஆகவே ‘நம் பேச்சைப் பேசுவோர்’ என்பதே அப்பெயரின் பொருள் என்று பெரும்பாலான அறிஞர்கள் கொள்கிறார்கள். பேச்சு புரியாத அண்டை ஜெர்மானியருக்கு அவர்கள் வைத்த பெயர் ‘ஊமையர்’ என்று பொருள்படுவது. போலந்து மொழியில் ஜெர்மனி நாட்டின் பெயர் இன்றும் அதுதான்.

கிரேக்கத்தில் சொல்லின் தொடக்கத்தில் ‘ஸ்ல’ என்ற ஒலிக்கூட்டு வருவதில்லை என்பதால் இடையில் ஒரு ‘க’ நுழைந்தது. 6ஆம் நூற்றாண்டின் பைசாந்திய வரலாற்றாசிரியர் புரோகோப்பியஸ் அவர்களை ‘ஸ்க்லாவேனோய்’ என்றே எழுதுகிறார். இதன் குறுகிய வடிவமே இடைக்கால லத்தீனின் ‘ஸ்க்லாவுஸ்’. 9, 10ஆம் நூற்றாண்டுகளில் ஜெர்மானியரின் கிழக்கு எல்லைப் போர்களில் பிடிபட்ட ஸ்லாவ் மக்கள் கூட்டங்கூட்டமாக விற்கப்பட்டார்கள். முஸ்லிம்கள் ஆண்ட ஸ்பெயினின் கோர்தோபா வரை அவர்கள் கொண்டுசெல்லப்பட்டார்கள். அடிமையைக் குறித்த பழைய லத்தீன் சொல்லான ‘செர்வுஸ்’ அதற்குள் நிலத்தோடு கட்டுண்ட குடியானவனைச் சுட்டும் சொல்லாக மாறத் தொடங்கியிருந்தது. விலைக்கு வாங்கப்படுபவனுக்கு வேறு சொல் தேவைப்பட்டபோது ஓர் இனத்தின் பெயரே அதற்கு வாய்த்தது. ஆங்கிலத்தின் ‘ஸ்லேவ்’, பிரெஞ்சின் ‘எஸ்க்லாவ்’, ஜெர்மனின் ‘ஸ்க்லாவெ’, ஸ்பானியத்தின் ‘எஸ்க்லாவோ’ எல்லாம் இதன் வழிவந்தவை.

இத்தாலியில் ‘ஸ்கியாவோ’ என்றானது வெனிஸ் பேச்சில் ‘ஸ்ச்சாவோ’ ஆயிற்று. ‘தங்கள் அடிமை’ என்று பணிவோடு சொல்லி வணங்குவது அன்று அங்கே வழக்கம். நாள்தோறும் பலமுறை சொல்லப்படும் சொல் தேயாமல் இருக்காது: நடுவிலிருந்த ‘வ’ மறைந்தது, முன்னிருந்த ‘ஸ’ உதிர்ந்தது, மிஞ்சியது ‘ச்சாவ்’. வைணவர்கள் ஒருவரையொருவர் காணும்போது ‘அடியேன்’ என்பதை எண்ணிப்பாருங்கள். அங்கே பொருள் இன்னும் உயிரோடிருக்கிறது, இங்கே அது முற்றிலும் உலர்ந்துவிட்டது. மேலே சொன்ன ‘செர்வுஸ்’ஸும் ஆஸ்திரியாவிலும் பவேரியாவிலும் இன்று முகமன் சொல்தான். அடிமையைக் குறித்த இரண்டு சொற்களுக்கும் ஒரே கதி நேர்ந்திருப்பது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது. (வியட்நாமியரின் ‘ச்சாவ்’ வெறும் ஒலி ஒற்றுமை, அதை இந்தக் குடும்பத்தில் சேர்த்துவிட வேண்டாம்.)

வெனிஸுக்குச் சென்றால் புனித மார்க் சதுக்கத்துக்கு அருகிலுள்ள படித்துறையில் ‘ஸ்கியாவோனி’ என்ற பெயரைப் பாருங்கள். இன்றைய குரோஷியாவின் தால்மேஷியக் கரையிலிருந்து வந்த ஸ்லாவ் வணிகர்கள் தங்கள் கப்பல்களை நிறுத்திய துறை அது. அங்கே அச்சொல் இன்னமும் இனப்பெயர். அதன் மேல் நடப்பவர்கள் சொல்லிக்கொள்ளும் ‘ச்சாவ்’ அதே சொல்லின் தேய்ந்த உரு.

ஒரு சிறு எச்சரிக்கை: ‘நீ’ என்று ஒருமையில் பேசத்தக்கவர்களிடம் மட்டுமே இதைச் சொல்லுங்கள். ‘தங்கள் அடிமை’ என்று தொடங்கிய சொல்லை இன்று மேலதிகாரியிடம் சொன்னால் மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்வார்.