மோட்டோஜிபி பைக்கில் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரே பார்த்துக்கொள்கிறது என்றால் ரைடருக்கு அங்கே என்ன வேலை?

நீங்கள் கேட்டிருப்பது புதுக் கேள்வி இல்லை. மோட்டோஜிபி என்ற உலக பைக் பந்தயத்தை ஞாயிற்றுக்கிழமை பார்க்க நாலு பேர் கூடினால், "அந்தக் காலத்தில் மனுஷன் ஓட்டினான், இப்போ கம்ப்யூட்டர் ஓட்டுது" என்று யாராவது ஒருவர் ஆரம்பித்துவிடுவார். அதில் பாதி உண்மை. ஆனால் அடிக்க வேண்டிய ஆளை விட்டுவிட்டு வேறு ஆளை அடிக்கிறோம் என்பது என் கட்சி. இந்த ரேஸைச் சுவாரசியம் இல்லாமல் ஆக்கியது எலக்ட்ரானிக்ஸ் இல்லை. பைக்கை மூடியிருக்கும் ஃபேரிங் என்ற கவசத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் இறக்கைகளும், ஓடும்போதே பைக்கைத் தாழ்த்தும் சாதனமும்தான்.

முதலில் அந்தக் காலம். 2002-இல் ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சின்கள் வரும்வரை பெரிய வகுப்பில் ஓடியவை 500 சிசி டூ ஸ்ட்ரோக் பைக்குகள். எடை 130 கிலோ சொச்சம், பவர் 180 குதிரைத்திறனுக்கும் மேல். ஆர்எக்ஸ் 100 ஓட்டியவர்களுக்கு ஒன்று தெரியும். கொஞ்ச நேரம் சாதுவாகப் போகும், ஒரு கட்டத்தில் திடீரென்று இழுக்கும். அந்த இழுப்பைப் பதினைந்து இருபது மடங்காக்கி, பைக் சாய்ந்திருக்கும்போது வருவதாக நினைத்துப் பாருங்கள். பின் டயர் வழுக்கும். பயந்து ஆக்ஸிலேட்டரை மூடினால் டயர் சட்டென்று ரோட்டைப் பிடிக்கும், அமுங்கியிருந்த சஸ்பென்ஷன் எகிறும், ரைடர் ஹேண்டில்பாருக்கு மேலே ஆகாயத்தில் பறப்பார். இதற்குப் பெயர் ஹைசைட். அந்தத் தலைமுறை ரைடர்களில் எலும்பு உடையாதவர் யாரென்று தேடத்தான் வேண்டும்.

ஆஸ்திரேலிய ரைடர் மிக் டூஹனை எடுத்துக்கொள்ளுங்கள். 1992-இல் சாம்பியன்ஷிப் பட்டியலில் 65 புள்ளிகள் முன்னிலையில் இருந்தவர், நெதர்லாந்தின் அசென் டிராக்கில் பயிற்சியின்போது விழுந்து வலது காலை உடைத்துக்கொண்டார். சிகிச்சை சிக்கலாகி, காலையே எடுக்க வேண்டிவரும் என்ற நிலை. கிளாடியோ கோஸ்டா என்ற இத்தாலிய டாக்டர் ரத்த ஓட்டத்துக்காக இரண்டு கால்களையும் சேர்த்துத் தைத்துக் காப்பாற்றினார். சில ரேஸ்களைத் தவறவிட்ட டூஹன், திரும்பி வந்து ஓட்டியும் பட்டத்தை வெறும் 4 புள்ளியில் வெய்ன் ரெய்னியிடம் பறிகொடுத்தார். அதற்குப் பிறகு வலது காலால் பின் பிரேக்கை மிதிக்க முடியாததால், இடது கட்டைவிரலால் அழுத்தும் பிரேக் ஒன்றை ஹேண்டில்பாரில் வைத்துக் கொடுத்தார்கள். அந்த பிரேக்கோடுதான் 1994 முதல் 1998 வரை வரிசையாக ஐந்து பட்டம். இன்றைக்குக் கால் நன்றாக இருக்கும் ரைடர்களும் கட்டைவிரல் பிரேக் வைத்துக்கொள்கிறார்கள். வலது பக்கம் முழுசாகச் சாய்ந்திருக்கும்போது காலை நுழைத்து பெடலை மிதிக்க இடமிருக்காது, விரலுக்கு அந்தப் பிரச்சினை கிடையாது.

இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், டிராக்‌ஷன் கன்ட்ரோலை எடுத்துவிடுங்கள் என்று சுலபமாகச் சொல்பவர்கள் இந்தப் பக்கத்தைப் பார்ப்பதில்லை. அது செய்யும் வேலை இதுதான்: முன் சக்கரமும் பின் சக்கரமும் சுற்றும் வேகத்தை ஒப்பிடும், பைக் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று சென்சாரைக் கேட்கும், பின் சக்கரம் அளவுக்கு மீறிச் சுழன்றால் எஞ்சினின் பவரைக் கொஞ்சம் குறைக்கும். உயிர் காக்கும் சமாசாரம். அதனால் ரேஸ் கெட்டுப்போகவும் இல்லை. 2016 முதல் எல்லா அணிகளுக்கும் மேக்னெட்டி மரெல்லியின் ஒரே ஈசியு (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்), ஒரே சாஃப்ட்வேர். அதற்கு முன்பு பெரிய கம்பெனிகள் தாங்களே எழுதிய சாஃப்ட்வேரோடு ஒப்பிட்டால் இது சற்று மந்தமானதுதான். நிறைய பேருக்குத் தெரியாத இன்னொன்று, பிரேக் பிடிக்கும்போது சக்கரம் லாக் ஆகாமல் தடுக்கும் ஏபிஎஸ் மோட்டோஜிபி பைக்கில் கிடையாது. நம் ஊரில் 125 சிசிக்கு மேற்பட்ட பைக்குகளுக்கு 2019 ஏப்ரலிலிருந்து கட்டாயம். ஆனால் மணிக்கு 350 கிலோமீட்டரிலிருந்து கார்பன் டிஸ்க்கைப் பிடித்து நிறுத்தும் ஸ்பெயின் ரைடர் மார்க் மார்க்கஸுக்கு அந்த உதவி இல்லை, விரல்தான் ஏபிஎஸ்.

இப்போது நிஜக் குற்றவாளிக்கு வருவோம்.

2015 வாக்கில் டுகாட்டி அணி ஃபேரிங்கின் இரண்டு பக்கமும் குட்டி இறக்கைகளை மாட்டியது. வேகமெடுக்கும்போது முன் சக்கரம் தூக்காமல் காற்றே அழுத்திப் பிடிக்கும். ஆளோடு ஆள் உரசும் விளையாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் இறக்கை ஆபத்து என்று 2017-க்குத் தடை வந்தது. உடனே ஃபேரிங்குக்குள்ளேயே வளைத்து மூடிய வடிவத்தில் திரும்பி வந்துவிட்டது. 2019 கத்தார் ரேஸ் இன்னும் வேடிக்கை. டுகாட்டி பின் சக்கரத்துக்கு முன்னால், அதைத் தாங்கும் ஸ்விங்ஆர்மில் கரண்டி மாதிரி ஒன்றை மாட்டி, "டயரைக் குளிர்விக்கத்தான்" என்றது. ஹோண்டா, சுசுகி, கேடிஎம், அப்ரிலியா நான்கும் சேர்ந்து புகார் கொடுத்தன. மேல்முறையீடு வரை போய், விதிக்கு உட்பட்டதுதான் என்று தீர்ப்பு வந்தது. புகார் கொடுத்தவர்களும் பிற்பாடு அதே மாதிரி மாட்டிக்கொண்டார்கள், வேறென்ன செய்வது.

அடுத்தது ரைட் ஹைட் டிவைஸ். கார்னரை விட்டு வெளியே வரும்போது ரைடர் பட்டனையோ லீவரையோ தட்டினால் பைக்கின் பின்பக்கம் அப்படியே உட்கார்ந்துவிடும். எடையின் மையம் கீழே வருவதால் வீலி அடிக்காமல், அதாவது முன் சக்கரம் தூக்காமல், பவர் முழுவதும் ரோட்டில் இறங்கும். அடுத்த கார்னருக்கு பிரேக் பிடிக்கும்போது பழையபடி எழுந்துகொள்ளும். எலக்ட்ரானிக் சஸ்பென்ஷனுக்குத் தடை இருப்பதால் இதை முழுக்க ஹைட்ராலிக்கிலும் இரும்பிலும் செய்திருக்கிறார்கள். இன்ஜினியராகப் பார்த்தால் கும்பிடத் தோன்றும். பார்வையாளராக எனக்குக் கோபம்தான் வருகிறது. முன்பெல்லாம் கார்னரிலிருந்து யார் பைக்கை நேர்த்தியாக நிமிர்த்தி, வீலியை அடக்கி, முறுக்குகிறார்களோ அவர்களுக்கு அடுத்த நேர்பாதையில் இரண்டு பைக் நீளம் கிடைக்கும். அந்த வித்தியாசத்தை இந்தச் சாதனம் துடைத்துவிட்டது. எல்லாரும் ஒரே மாதிரி வெளியே வருகிறார்கள், இறக்கையின் அழுத்தத்தால் எல்லாரும் ஒரே மாதிரி தாமதமாக பிரேக் பிடிக்கிறார்கள். முந்துவதற்கான இடம் அந்த பிரேக்கிங் தூரம்தான், அது சுருங்கிவிட்டது.

சரி, திறமையெல்லாம் எங்கே போனது? அது முன் டயருக்குக் குடிபோயிருக்கிறது. முன்னால் போகும் பைக்கின் இறக்கைகள் காற்றைக் கலக்கி விடுவதால், பின்னால் ஒட்டிப் போகிறவருக்கு முன்பக்க அழுத்தமும் குறையும், டயருக்குக் கிடைக்கும் குளிர்ந்த காற்றும் குறையும். டயர் சூடாகி உள்ளே காற்றழுத்தம் ஏறும், பிரேக் பிடித்தால் சக்கரம் லாக் ஆகும். முந்தப் போனவர் மணலில் கிடப்பார். இன்னொரு பக்கம் குறைந்தபட்ச அழுத்தம் என்று ஒரு விதி. 2024-இலிருந்து முன் டயருக்கு 1.8 பார், அதாவது 26 பிஎஸ்ஐ. பங்கில் நாம் பைக்கின் முன் சக்கரத்துக்கு அடிக்கச் சொல்லும் 25-ஐ ஒட்டிய கணக்குதான். பிரதான ரேஸில் 60 சதவீத லேப்களாவது அதற்குக் கீழே இறங்காமல் ஓட்ட வேண்டும், தவறினால் 16 விநாடி பெனால்டி. தனியாக முன்னால் போனால் டயர் குளிர்ந்து அழுத்தம் இறங்கும். பின்னால் ஒட்டிப் போனால் எகிறும்.

2025 மார்ச், தாய்லாந்தின் புரிராம். டுகாட்டி கம்பெனியின் சொந்த (ஃபேக்டரி) அணியில் மார்க் மார்க்கஸுக்கு முதல் பிரதான ரேஸ், 26 லேப். சுகமாக முன்னால் போய்க்கொண்டிருந்தவர் ஏழாவது லேப்பில் வேகத்தைக் குறைத்து, தம்பி அலெக்ஸை முன்னே போக விட்டார். பைக் பழுதோ என்று பார்த்தவர்கள் எல்லாம் பதறினோம். பழுதில்லை, முன் டயரின் அழுத்தம் எல்லைக்குக் கீழே இருந்தது. தம்பி பைக்கின் வெக்கையில் டயரைச் சூடேற்றி, தேவையான லேப்களைக் கணக்குப் பண்ணிக்கொண்டு, கடைசியில் சில லேப்கள் இருக்கும்போது முந்தி ஜெயித்தார். இதில் கம்ப்யூட்டர் செய்தது அழுத்தம் குறைவு என்று தெரிவித்தது மட்டும்தான். அண்ணனின் கெட்டிக்காரத்தனத்தை ரசித்தேன், மறுக்கவில்லை. ஆனால் வேகமானவன் டயருக்குக் காற்றழுத்தம் ஏற்றுவதற்காகப் பின்னால் போய் வரிசையில் நிற்பதையா ரேஸ் என்று சொல்வது?

2027 விதிகளை நான் வரவேற்பதும் இதனால்தான். எஞ்சின் 1000 சிசியிலிருந்து 850-க்கு இறங்குகிறது. தாழ்த்தும் சாதனங்கள், ஸ்டார்ட்டில் பயன்படுத்துவது உட்பட, மொத்தமாகத் தடை. ஃபேரிங்கின் முன்பகுதி 50 மில்லிமீட்டர் குறுகுகிறது, மூக்கும் அதே அளவு பின்னுக்குத் தள்ளப்படுகிறது. டயர் மிஷலினிடமிருந்து பிரெல்லிக்கு மாறுகிறது. எலக்ட்ரானிக்ஸில் பெரிதாகக் கைவைக்கவில்லை, அது நல்ல முடிவு. இறக்கைகளை இன்னும் துணிச்சலாக வெட்டியிருக்கலாம் என்பது என் குறை.

இதனால் எல்லாம் சரியாகிவிடும் என்று மட்டும் நினைக்காதீர்கள். இரட்டை க்ளட்ச் கியர்பாக்ஸுக்குத் தடை இருந்ததால்தான் ஹோண்டா 2011-இல் பவர் அறுபடாமல் கியர் மாறும் சீம்லெஸ் கியர்பாக்ஸோடு வந்தது. எலக்ட்ரானிக் சஸ்பென்ஷன் கூடாது என்றதால்தான் இந்த ஹைட்ராலிக் வித்தையே பிறந்தது. 850 சிசி விதிப் புத்தகத்தில் எந்த வரியில் சந்து இருக்கிறதென்று பூதக்கண்ணாடி வைத்துத் தேடும் இன்ஜினியர்கள் இந்நேரம் ஏதாவது ஒன்றைக் கண்டுபிடித்திருப்பார்கள். அது என்னவென்று 2027-இல் இரண்டு மூன்று ரேஸ் முடிந்ததும், யாராவது ஒரு அணி புகார் கொடுக்கும்போது நமக்குத் தெரியும்.